கொம்பன் விட்ட மூச்சு

"...ஆனைன்னா பிண்டம் போடும், அள்ளித் தென்னைக்குப் போடலாம். இந்தக் கொம்பன் போடுகத நாமல்லா திங்கணும்."

எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய அன்னம்மக்காவின் இந்தக் குரல், போன வாரம் ஆரல்வாய்மொழியில் என் பேரன் வேலை பார்க்கும் கிடங்கில் நின்றபோது காதில் கேட்டது. எனக்குப் பின்னால் பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வந்து நின்றிருக்கிறது; தெரியவே இல்லை. பேட்டரி வண்டியாம். சத்தமில்லை, புகையில்லை. என் மூக்குதான் பெட்ரோல் வாடையைத் தேடியது.

எங்கள் கொம்பன் வந்தது, குமரி தமிழ்நாட்டோடு சேராமல் நாங்கள் திருவனந்தபுரத்தோடு இருந்த காலத்தில், குளச்சல் கடற்கரைக் கயிற்றுக் கிடங்குக்கு. நான் அங்கே பொதி சுமக்கும் சுமட்டுக்காரன். முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு, வயிற்றில் பெட்ரோல் எஞ்சின். முதல் நாள் அது உறுமிக்கொண்டு வந்தபோது, மாட்டை அதட்டுவதுபோல "ஹை, ஹை" என்றபடியே தூணில் ஏறப் பார்த்தவன் நான். நாங்கள் கூட்டமாக மூச்சுப் பிடித்துத் தள்ளுகிற கயிற்றுப் பொதியை, பூக்கூடைபோல முகடுவரை கொண்டுபோய் வைக்கும். மேட்டில் ஏறும், மழையில் ஓடும். பெட்ரோல் ஊற்றினால் போதும், களைப்பே கிடையாது. வாயைப் பிளந்து பார்த்து நிற்போம். பிளந்த வாய்க்குள் புகை போகும். அதுதான் குறை.

ஆனி மாதச் சாரல். கயிறு நனையக்கூடாதென்று மேனேஜர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தச் சொல்லியிருந்தார். உள்ளே கொம்பன் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு தைக்கும் பெண்களில் மூத்தவளான அன்னம்மக்கா அந்தப் பேச்சைச் சொன்னது அப்போதுதான். எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் இருந்த தங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஊசியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள்.

"ஏட்டி தங்கம், கண்ணத் தொறட்டி."

டிரைவர் செல்லையா எஞ்சினை நிறுத்தினான். நாங்கள் ஓடிப்போய்க் கதவை இழுத்தோம். அது தண்டவாளத்திலிருந்து இறங்கிச் சிக்கிக்கொண்டது. அசைக்க முடியவில்லை. எனக்கே தலை சுற்றியது.

"கொம்பன விட்டுக் கதவத் தூக்குலே செல்லையா."

"ஸ்டார்ட் பண்ணினா இன்னும் புகையுமே அக்கா. அந்தப் பிள்ள தாங்காது."

"சும்மா நின்னா மட்டும் தாங்குமா? முடுக்குலே, நான் சொல்லுகேன்."

செல்லையா ஸ்டார்ட் பண்ணும் கம்பியை எஞ்சினில் போட்டுச் சுற்றினான். எஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினான். பிடித்துக்கொண்டது. புகை எங்களை மூடியது. அன்னம்மக்கா தங்கத்தின் முகத்தைத் தன் மேல்முண்டால் பொத்திக்கொண்டாள். கொம்பு கதவுக்கு அடியில் நுழைந்தது. அத்தனை பெரிய கதவு, ஒரு முறம் எழும்புவதுபோல எழும்பி வெளியே சாய்ந்தது. கடல் மொத்தமும் உள்ளே வந்ததுபோல் காற்று. தங்கத்தைத் தூக்கி மழையில் கிடத்தினோம். இருமினாள். ஒரு இருமலைக் கேட்டு நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

அந்தக் கிடங்கு இன்று இல்லை. கயிறு ஏற்றப் பாய்மரக் கப்பலும் வருவதில்லை. பேட்டரி வண்டியில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை யாரும் தொட்டுப் பார்ப்பதுமில்லை. அன்று, நனைந்த கயிற்றுக்காக மேனேஜர் வந்து கத்தியது அன்னம்மக்காவின் காதில் ஏறவே இல்லை. தங்கத்தின் முகத்தைப் பொத்திய அந்த மேல்முண்டை மழையில் முக்கியெடுத்து உள்ளே போனாள். வேலை முடிந்த ஆனையைக் குளிப்பாட்டுவதுபோல, கொதித்துக்கொண்டிருந்த கொம்பனின் நெற்றியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.