கழுவிய பூ

காதோரம் நரை விழுந்த பிறகும் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். மதுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவன் வீட்டில் மறந்து வைத்த குடையைக் கொடுக்க அக்கா வந்தாள். வாசலில் நின்றபடியே அவள் "தம்பீ!" என்று போட்ட சத்தத்தில், குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று. அவனைவிடச் சின்னவர்கள்கூட, "தம்பி, இன்னொண்ணு" என்று கோப்பையை நீட்டினார்கள்.

மது கலப்பதில் அவன் கை தப்பாது. ஷேக்கரைக் காதருகே வைத்துக் குலுக்குவான். உள்ளே ஐஸ் கல்லாக மோதுகிற ஓசை மெல்ல மணல் ஓசையாக மாறும். சரியாக அந்த இடத்தில் நிறுத்துவான். ஆனால் முதலாளியம்மா அவனை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது கைக்காக இல்லை, மூக்குக்காக. குளிர் விலகி மரங்கள் துளிர்க்கிற சமயத்தில் வருஷத்துக்கு ஒரு பூவில் அவன் ஜின் கலப்பான். ஒரு வருஷம் ரோஜா, ஒரு வருஷம் லாவண்டர். இந்த வருஷம் எல்டர் பூ என்று முன்கூட்டியே வாய் விட்டிருந்தான். புதர்மரத்தில் குடை குடையாக விரியும் வெள்ளைப் பூ அது. ஒவ்வொரு பூவும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

பிறகு அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும்; தன்னுடைய கன்னம் என்று தெரியாது. சாப்பாடு சூடாக இருந்தது அல்லது ஆறியிருந்தது. நாட்களும் அப்படியே. காய்ச்சலில் கிடந்தவனை அக்கா தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். உடம்பு தேறியும் அவன் பழைய வாடகை அறைக்குத் திரும்பிப் போகவில்லை. போக வேண்டாம் என்று முடிவு செய்ததாகவும் நினைவில்லை. வேலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கை பாட்டுக்குக் கலந்தது, வாய் பாட்டுக்குச் சிரித்தது.

அக்காவுக்குத் தெரிந்தது ஒரு பாலினால். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, புகை கூரையைத் தொட்டபோது, அவன் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு அக்கா ஓடி வந்தாள்.

"வீடே நாறுது! குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியேடா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பாத்திரம் கறுத்திருந்தது.

அக்கா அடுப்பை அணைத்தாள். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து வினிகர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவன் மூக்கடியில் பிடித்தாள்.

"இது என்ன?"

"பாட்டில்."

"வாசனையைக் கேட்டேன்."

"தெரியலக்கா."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்போ இருந்து?"

"காய்ச்சல்ல இருந்து."

"உங்க முதலாளியம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லி? மூக்கு போனவனைக் கூட்டி வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? போட்டோவா எடுத்து மாட்டுவாங்க?"

"அப்போ பூ ஜின்?"

"அதான்." எப்போதும் அவன் அதை மதுக்கூடத்து அடுக்களையில்தான் செய்வான். அங்கே நாலு பேர் கண் முன்னால், பூவை முகர்ந்து முகர்ந்து பொறுக்க வேண்டும்.

"வீட்ல போடு. நான் மோந்து சொல்றேன்."

"நீயா? சோப்புத் தூள் தவிர உனக்கு என்ன வாசனை தெரியும்?"

அக்கா சலவைக் கடையில் கறை எடுக்கிறவள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்ததில்லை, துணியைப் படிப்பாள். "ஒரு சட்டையைத் தூக்கினா, போட்டிருந்தவன் மத்தியானம் என்ன தின்னான்னு சொல்லிடுவேன். போதுமா?"

போதும் என்று பட்டது. வேறு வழியும் இல்லை.

அக்காவுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, பனி காய்ந்த பிறகு இருவரும் ரயில் பாதையோரப் புதர்களுக்குப் போனார்கள். அவன் கிளையைத் தாழ்த்திப் பிடிக்க, அவள் முகர்ந்தாள்.

"துவைச்ச தலையணை உறை வெயில்ல காஞ்ச மாதிரி. அது மேல ஒரு சொட்டுத் தேன் விழுந்த மாதிரி."

"எடு. இது?"

"சீ! பூனை மோண்ட போர்வை!"

"விடு. பூவுக்கு வயசாயிடுச்சு. இந்தப் பூ முத்தினா அப்படித்தான்."

"நான் பூனைன்னு சொல்றதுக்கு முன்னாடியே கையை எடுத்துட்டியே, எப்படி?"

"உன் மூஞ்சி சொல்லிடுச்சு."

கூடை நிரம்பியது. வீட்டுக்கு வந்து, மேஜைமேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டுப் பூக்களைப் பரப்பினான். "பூச்சியெல்லாம் தானா வெளியே போயிடும். சாயங்காலம் வந்து ஊற வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். கழுவாதே என்று சொல்லத் தோன்றவில்லை. அவன் தொழிலில் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. அவள் தொழிலில் கழுவு என்றும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா பார்த்தாள். விரிப்பில் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் ஊர்ந்தன. போதாததற்கு மாவு சலித்த மாதிரி மஞ்சள் தூள் வேறு. இதையா மனுஷன் குடிப்பான்? பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் வைத்தாள். ஒவ்வொரு கொத்தையும் காம்பைப் பிடித்து முக்கி, குழந்தைக்குத் தலை அலசுகிற மாதிரி அலசி, வேறு தண்ணீரில் இன்னொரு தரம், மறுபடி இன்னொரு தரம். மஞ்சள் போகிற வரைக்கும் விடவில்லை. மின்விசிறிக்கு அடியில் காய வைத்து, முன்பு இருந்த மாதிரியே பரப்பி வைத்தாள்.

சாயங்காலம் அவன் குனிந்து பார்த்தான். "பூச்சி ஒண்ணுகூட இல்லையே."

"விடுவேனா?" என்றாள், தலையை நிமிர்த்தி.

அவன் பச்சைக் காம்புகளைக் கத்தரித்தான். சர்க்கரைப் பாகு காய்ச்சி, ஆற வைத்து, பூவின் மேல் ஊற்றி, எலுமிச்சை வில்லைகளைப் போட்டுத் துணியால் மூடினான். இரண்டு நாள் ஊறியபின் வடிகட்டினான். பாகு இளம் வைக்கோல் நிறத்தில், கலங்கல் இல்லாமல் இறங்கியது. கரண்டியில் எடுத்து அக்காவிடம் நீட்டினான்.

இனிப்பு தெரிந்தது. எலுமிச்சை தெரிந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் ஈரப் புல். தேன் விழுந்த தலையணை உறை எங்கேயும் இல்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிற ஆளின் முகம் போல இருந்தது.

"ஜம்முனு இருக்குடா" என்றாள்.

"பூ தெரியுதா?"

"தெரியாம?" என்று சொல்லிக்கொண்டே கரண்டியைக் கழுவத் திரும்பிக்கொண்டாள். அதனால் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம், மதுக்கூடத்தில் நாற்காலிகள் இன்னும் மேஜைகளின்மேல் கவிழ்ந்திருக்க, முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவன் ஷேக்கரில் ஐஸ் போட்டான். ஜின் இரண்டு பங்கு, பாகு ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு அதற்கும் கொஞ்சம் குறைவு. குலுக்கினான். கல் மணலானது. உயரக் கோப்பையில் வடித்து, சோடாவை விளிம்பு வரை விட்டு, மேலே ஒரு வெள்ளைக் கொத்தைச் சாய்த்து வைத்தான். கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

முதலாளியம்மா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"எலுமிச்சை சரியா நிக்குது. இனிப்பு உறுத்தல. எல்லாம் சரி தம்பி. பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்வாங்க. இங்க பூவே மணக்கலையே?"

அவன் கோப்பையையே பார்த்தான்.

"நீ மோந்து பார்த்தியா இல்லையா?"

பொய் சொல்லலாம். ஆனால் பொய் ஒரு மூட்டை மாதிரி. யாராவது தூக்க வேண்டும். அவனுக்கு அதற்குத் தெம்பில்லை.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. காய்ச்சல்ல போயிடுச்சு."

முதலாளியம்மா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ இவ்வளவு நாளா நீ ஊத்தினதெல்லாம்?"

"கை ஊத்துச்சு."

"கை நல்லாத்தான் ஊத்தியிருக்கு. ஒருத்தன் குறை சொல்லல." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா பூ ஜின்னை வெறும் கை போட முடியாது தம்பி. வர்ற சனிக்கிழமை அதுக்காகவே ஆளுங்க வருவாங்க. அதுக்குள்ள பூ இருக்கிறதா ஒண்ணு கொண்டா. இல்லேன்னா நீ நின்னு கலக்குற இந்த மேடைக்கு வேற ஆள் பார்க்கணும். உன்னைத் தெருவுல விட மாட்டேன், உள்ளே ஸ்டோர்ல போட்டுக்கறேன். பாட்டில் அடுக்க மூக்கு வேணாம்."

"சரிங்க."

வீட்டுக்கு நடக்கும்போது பயம் வரும் என்று எதிர்பார்த்தான். தெருமுனை வந்தது, மாடிப்படி வந்தது, பயம் வரவில்லை. படியேறும்போதுதான் ஒன்று உறைத்தது: அந்தப் பூக்கள் ரொம்ப வெள்ளையாக இருந்தன.

"அக்கா, பூவைக் கழுவினியா?"

"பின்ன? மூணு தண்ணி."

"மேல மஞ்சளா ஒரு தூள் இருந்திருக்குமே."

"அதுதாண்டா போகவே மாட்டேன்னுச்சு! உப்புத் தண்ணியில முக்கித்தான் எடுத்தேன்."

"மணமே அதுலதான்கா இருக்கு."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அப்போ பூச்சியோடயா ஊறப் போடுவாங்க?"

"உதறிட்டுப் போடுவாங்க."

"சுத்தம் சோறு போடும்னு..."

"போடும். ஸ்டோர்ல உட்கார வெச்சுப் போடும்." முதலாளியம்மா சொன்னதைச் சொன்னான்.

அக்கா பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய், ஏற்கெனவே பளபளத்த ஒரு பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அன்னைக்கே எனக்குச் சப்புனுதான் இருந்துச்சு. நீ பாவமா பார்த்த. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

"நான் பாவமா பார்க்கலக்கா. இப்போ என் மூஞ்சியே இப்படித்தான் இருக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

ரயில் பாதையோரத்தில் அதற்குள் எல்லாப் புதரும் பூனையாகிவிட்டிருந்தது. மூன்றாவது கிளையிலேயே அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் கூடையைத் தூக்கி, போகலாம் என்றான். ஸ்டோர் அறை ஒன்றும் மோசமில்லை, அங்கே ஜன்னல்கூட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அக்கா நகரவில்லை.

"எங்க கடைப் பின்பக்கம் ஒரு சனியன் நிக்குதே!" என்றாள்.

சலவைக் கடைக்கும் பின்சுவருக்கும் நடுவில், வெயில் விழாத சந்தில் நின்றது அந்த மரம். வருஷாவருஷம் காயப்போட்ட வெள்ளை விரிப்புகளில் அது மஞ்சளைக் கொட்டும். அதை வெட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றவள் அக்காதான். அவர் சோம்பேறி என்பதால் அது பிழைத்திருந்தது. நிழலில் நின்றதால் இப்போதுதான் பூத்திருந்தது. அக்கா ஒரு கொத்தை இழுத்து முகர்ந்தாள். புருவம் மேலே போயிற்று.

"ம்?" என்றான் அவன்.

"தலையணை உறை" என்றாள்.

இந்த முறை அவன் உதறுவதை அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். கட்டியிருந்தும் விரல்கள் துடித்தன. அவள் சட்டைக் கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பூந்தூள் கறையில் தண்ணீர் பட்டால் துணி கெட்டது, உலர்ந்தபடியே தட்டித்தான் எடுக்க வேண்டும் என்று கடையில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் கத்தாத நாளில்லை. இப்போது பாகுப் பாத்திரத்துக்கு மேலே கையை நீட்டி, விரல் நுனியால் தட்டித் தட்டி அத்தனையையும் உள்ளே உதிர்த்தாள்.

"அதுவும் சேரட்டும்" என்றாள்.

பாகு ஊறி வடிந்ததும் அவன் சின்னக் கோப்பையில் ஜின், எலுமிச்சை, சோடாவோடு முழுதாகவே கலந்தான். அக்கா அதுவரை மதுவைத் தொட்டதில்லை.

"இந்தத் தடவை கழுவத் திரும்பாதே. மூஞ்சியை என் பக்கம் காட்டு."

அவள் குடித்தாள். முதலில் கண்கள் தாமாக மூடின. நெற்றி தளர்ந்தது. வாய் ஏதோ சொல்ல வந்து மறந்த மாதிரி நின்றது. உடனே ஜின் தொண்டையைச் சுட, இருமித் தீர்த்தாள்.

"கண்றாவி! இதையா காசு குடுத்துக் குடிக்கிறாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா பூ இருக்குடா. நிஜமாவே இருக்கு."

அவனுக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. மீதியைத் தானும் குடித்துப் பார்த்தான். குளிர்ச்சி, புளிப்பு, இனிப்பு, நாக்கில் ஊசி ஊசியாகச் சோடா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் முதலாளியம்மா கோப்பையைக் கீழே வைக்காமல் பாதி வரை குடித்தாள்.

"யாரு மோந்தது?"

"எங்க அக்கா."

"குடை கொண்டுவந்தாளே, அவளா?"

"அவதான்."

"அந்த மூக்கைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு. அடுத்த வருஷமும் வேணும்." மீதியையும் குடித்துவிட்டு, எழுந்து போய் நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் போட ஆரம்பித்தாள். அவன் மேடை அவனுக்கே நின்றது.

அன்று மாலை கூட்டம் வந்தது. அவன் யாருடைய கோப்பையையும் பார்க்கவில்லை. முதல் வாய் குடிக்கிறபோது முகங்களைப் பார்த்தான். சிலது தளர்ந்தன, ஒன்று ஜன்னல் பக்கம் திரும்பியது, ஒன்று சிரித்தது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததைக் கலந்தான். அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளிலிருந்து கணக்குப் பார்க்கிறவர் வரை நிறுத்தி வைத்து, "எங்க தம்பி மூக்கே இல்லாம பூ ஜின் போட்டான்" என்று சொன்னாள். தன் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாகு தீர்ந்து ஜாடியின் அடியில் கொஞ்சம் மட்டும் மிஞ்சியிருந்தது. காலையில் காபி குடிக்குமுன் அவன் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவான். அக்கா அடுப்படியிலிருந்து பார்ப்பாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"சரி, மூடி வை. எறும்பு வரும்."