தலைச்சோலை சரசக்காவும் என் பவுடரும்

இன்று ஏற்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அங்கிருந்து திரும்பினார். “ஏனுங்க, நீங்க சேலத்துல நர்ஸா இருந்தவங்கதானுங்களே?”

சரசக்கா! தலைச்சோலை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். தொண்ணூறுகளில் எங்கள் வார்டில் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டவர்.

மருந்து ஏறும் நாளில் எந்த வாசனை பக்கத்தில் இருந்தாலும், பிறகு அதுவே குமட்டும். அதனால் முதல் நாளே கறாராகச் சொன்னேன்: “இங்க வர்ற அன்னிக்குக் காப்பி குடிக்காதீங்க. காப்பி வாசம் ஏறின தோட்டத்துக் கம்பளியும் வேண்டாம். அப்புறம் வேலைக்கே போக முடியாது.”

அவர் வாந்தி எடுத்தபோதெல்லாம் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

இன்று முன் சீட்டிலிருந்தபடியே சொன்னார்: “காப்பி தப்பிச்சிருச்சுங்க. அப்புறமும் நொம்ப வருசம் பழம் பறிச்சேனுங்க. கோச்சுக்காதீங்க சிஸ்டர், உங்க பவுடர் வாசந்தான் இன்னும் வயித்தப் பொரட்டுது.”

எல்லா வாசனையையும் தள்ளிவைத்தவள், என் மேல் அடித்த வாசனையை மறந்திருக்கிறேன்.

மூன்று சீட் இடைவெளியில் கத்திப் பேசியபடியே மலை ஏறினோம்.

இறங்கும்போது, “நாளைக்கு ஊட்டுக்குக் காப்பி குடிக்க வாங்க. பவுடர் மட்டும் வேண்டாமுங்க” என்றார்.

இன்னும் அதே பவுடர்தான் பூசுகிறேன். பழைய பேஷண்ட் வேறு யாராவது இதைப் படித்தால், இப்போதே சொல்லிவிடுங்கள்.