முப்பது வருடம் பிந்திய சாட்சி

ஆகத்தா இறந்த செய்தி ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. செபமாலையின் நடுவில் நான் தொலைபேசியைத் தொடுவதில்லை. அன்று மூன்று முறை மணி அடித்ததால் எடுத்தேன். அவருடைய மகள் றீற்றா.

"பெரியம்மா, மம்மா போயிட்டா," என்றாள். பிறகு, தாயைப் போலவே, நேரே விடயத்துக்கு வந்தாள். "முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். ஒண்டையும் விடக்கூடாதெண்டு சொன்னவ."

எனக்கும் அது தெரியும். இரண்டு கிழமைக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் செத்தால் எல்லாரும் என்னை அன்பானவ, பண்பானவ எண்டு எழுதுவினம். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ அக்கா. அவன் செய்ததையும் எழுதுங்கோ, நான் செய்ததையும் எழுதுங்கோ, நீங்கள் செய்ததையும் எழுதுங்கோ." 

நான் எழுதப்போவதை அறிந்த உறவினர் ஒருவர் என்னை வழிமறித்து, "செத்த மனிசியின்ர மானத்தைக் கப்பலேத்தப் போறியளோ?" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படியே கதைத்தவள். ஆகவே அவரில் எனக்குக் கோபம் இல்லை.

எங்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். இத்தாலியின் பலேர்மோவுக்குக் கணவரோடு வந்து, லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். ஆகத்தா மன்னார் பேசாலையில் இருந்து இருபத்தொரு வயதில் தனியாக வந்தார். அதே கட்டடத்தில் மூன்று மாடி மேலே, ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில், அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. கோயில் மண்டபத்தில் இருந்து தைத்தபடி, பள்ளியில் படித்த ஓர் ஆங்கில நாவலை வாரம் வாரம் அவருக்குச் சொன்னேன். விக்டோரியா மகாராணி காலத்துக் கதை. ஏழைப் பெண் ஒருத்தியை ஆலை முதலாளியின் மகன் கெடுக்கிறான். பிறகு அவளை மணந்தவர் உண்மை தெரிந்ததும் கைவிடுகிறார். கடைசியில் அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். அவள் தூயவளா என்று சிஸ்டர் எங்களைக் கட்டுரை எழுதச் சொன்னார். இல்லை என்று எழுதி முதற் பரிசு வாங்கியவள் நான். அதையும் பெருமையாகச் சொன்னேன்.

"அவன் என்னவானவன் அக்கா?" என்று கேட்டார் ஆகத்தா.

"ஆர்?"

"கெடுத்தவன்."

"அவனைப் பற்றிப் பிறகு கதையிலை இல்லை."

"நல்ல கதை. ஆத்திலை விழவேண்டியவன் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டான். எழுதினது ஆம்பிளையோ?"

"ஓம்."

"அதுதானே பாத்தன்."

இலக்கியத்தை அப்படிக் கதைக்கக் கூடாது என்று கண்டித்தேன். "சரி சரி, நீங்கள் பிரைஸ் வாங்கின ஆள்," என்று சிரித்தார்.

அந்த மாரியில், சிஞ்ஞோராவின் மூத்த மகன், பெண்சாதி பிள்ளை உள்ளவன், ஆகத்தா துணி அழுத்திக்கொண்டிருந்த அறைக்குள் வந்து கதவைப் பூட்டினான். அவரைப் பலவந்தப்படுத்தினான். அதற்குப் பிறகு அவர் படியிறங்கி என் குசினிக்குத்தான் வந்தார். கீழுதடு பிளந்திருந்தது. தலைமயிர் ஒரு பிடி வேரோடு போயிருந்தது. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. வெந்நீர் வைத்து என் கையால் கழுவினேன். கழுவிக்கொண்டே கேட்டேன்.

"கத்தினனியோ?"

"வாயைப் பொத்தினவன்."

"கடைசிமட்டும் எதிர்த்தனியோ?"

"கழுத்தை நெரிச்சவன் அக்கா. மூச்சு வரேல்லை."

"உன்ர பேருக்குரிய புனிதை உயிர் போகுமட்டும் எதிர்த்தவ," என்றேன்.

ஆகத்தா என்பது இந்தச் சிசிலித் தீவின் கன்னி வேதசாட்சியின் பெயர். மடத்தில் அவருடைய சரித்திரத்தை மனப்பாடம் செய்திருந்தேன். நான் அதைச் சொன்ன நேரம் உதட்டில் இரத்தம் நின்றிருக்கவில்லை.

சனிக்கிழமை அவரைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினேன். பாவம் செய்தவன் அவன்; நான் அனுப்பியது அவரை. பாவங்களைக் கேட்கும் தொட்டிக்குள் இருந்தவர் வயதான இத்தாலியச் சுவாமியார். ஆகத்தா வெளியே வந்ததும், என்ன அபராதம் தந்தவர் என்று கேட்டேன்.

"ஒண்டும் தரேல்லை. எனக்குப் பாவமில்லையாம். அடிபட்டதுக்கு ஏன் மன்னிப்புக் கேக்கிறாய் எண்டவர்." என்னை நேரே பார்த்தார். "அனுப்பின ஆளை வரச் சொன்னவர்."

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

வேலையை விட்டால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. அந்தக் கடதாசி இல்லாமல் இந்த நாட்டில் நிற்கவும் ஏலாது. ஆகவே அவர் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார். பொறுத்துக்கொள் என்று நானும் சொன்னேன்.

மூன்றாம் கிழமை அவன் மறுபடியும் வந்தான். அன்று கட்டடம் முழுவதும் ஓர் ஊளை கேட்டது. மிருகம் என்றே நினைத்தேன். கதவைத் திறந்தால் ஆகத்தா. இடது கை மணிக்கட்டில் முறிந்து தொங்கியது. வலது கையில் மின்னழுத்தி. அதன் வயர் பளிங்குப் படியில் இழுபட்டு வந்திருந்தது.

"சுட்டுப்போட்டன் அக்கா. கன்னத்திலை. தோல் அயனோடை வந்திட்டுது." அவருக்கு மூச்சு வாங்கியது. "பாவமில்லையெண்டு தெரிஞ்ச பிறகு கை நடுங்கேல்லை."

பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் முறைப்பாடு கொடுக்கப் புறப்பட்டபோது, ஆகத்தா கையில் மாக்கட்டுடன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "முதல் நாள் கண்டதை மட்டும் வந்து சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

என் கணவர் சாந்தமான மனிதர். "கண்டதைத்தானே சொல்லப்போறாய்? போ," என்றார்.

"என்னாலை ஏலாது," என்றேன். "இது வெளியிலை வந்தால் எங்கட பிள்ளையளை ஒருத்தரும் கட்டமாட்டினம்."

"அப்ப, நீங்கள் கழுவின இரத்தம்?" என்று கேட்டார் ஆகத்தா.

"நான் ஒண்டையும் காணேல்லை," என்றேன்.

அவர் தனியாகப் போனார். அவள்தான் தன்னைத் தாக்கினாள் என்றான் அவன். ஆகத்தாவுக்குச் சாட்சி இல்லை. முறைப்பாடு நிற்கவில்லை, வேலையும் போனது; வேறொரு வீட்டில் வேலை தேடிப் பிடித்துத்தான் கடதாசியைக் காப்பாற்றினார். எலும்பு கோணலாகப் பொருந்தியது.

இரண்டு வருடம் கழித்து, ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் துப்புரவாக்கும் அந்தோனி அவரைப் பெண் கேட்டார். ஆகத்தா என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். "உங்கட கதைப் பெட்டையின்ர மனிசனுக்குப் பிந்தித் தெரிய வந்தது. நான் முந்திச் சொல்லப்போறன். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ. கதைக்க வேண்டாம்."

அந்தோனி கடற்கரையில் கணவாய் ஒன்றைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். ஆகத்தா எல்லாவற்றையும் சொன்னார். அந்தோனி அந்தக் கணவாய் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும்வரை அடித்தார். பிறகு கத்தியை எடுத்தார். முடிந்தது, பெண்ணை வெட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அவன் எந்த வீட்டிலை இருக்கிறான்?"

"கத்தியை வை. அவனை நான் சுட்டாச்சு. முதலாளி வரமுன்னம் இதைக் கழுவு."

"என்னைக் கட்டுவியோ?"

"கழுவு. யோசிக்கிறன்."

மணப்பெண்ணை உடுத்தும் பொறுப்பு எனக்கு. எங்கள் மணப்பெண்கள் கோயிலுக்கு வெள்ளைக் கூறை உடுப்பார்கள். நான் சந்தன நிறத்தில் வாங்கிக்கொண்டு போனேன். "மாதாவுக்கு முன்னாலை பொய் உடுக்கக் கூடாது, பிள்ளை," என்றேன். அவர் அந்தச் சேலையை நெடுநேரம் தடவிப் பார்த்தார். "உங்களுக்காக உடுக்கிறன். எனக்காக இல்லை." அந்த ஒரு வசனத்துக்காக அவரோடு நான் பல வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குற்றவாளி நான், கோபமும் எனக்கே.

ஒருமுறை பலேர்மோவின் கால்சாப் பகுதியில், எங்கள் ஆள் ஒருவன் வயிற்றில் பிள்ளையோடு இருந்த மனைவியை உதைத்தான். சத்தம் கேட்டு அயலவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தார்கள். ஆகத்தா படியேறிப் போய்க் கதவைத் தள்ளினார். அவன் எறிந்த கதிரை பட்டு அவருடைய நெற்றி வெடித்தது. முகத்தில் வழிந்த இரத்தத்தைத் துடைக்காமலே அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனார்.

"அங்கை சாட்சி ஆர் எண்டு கேட்டவங்கள்," என்று அந்தப் பெண் பிறகு மண்டபத்தில் எல்லோருக்கும் சொன்னாள். "ஆகத்தாக்கா மேசையிலை தட்டி, நான், நான் கண்டனான் எண்டவ."

நான் பூசைப் புத்தகத்தில் கண் பதித்திருந்தேன். அதன் பிறகு எத்தனையோ பெண்களோடு அவர் அந்த மேசைக்கு முன் போய் நின்றார். என்னை ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவர் இறந்த மறுநாள் நான் கோயிலுக்குப் போனேன். அந்த வயதான சுவாமியார் காலமாகிப் பல வருடம். தொட்டிக்குள் இளைய குரல் ஒன்று இருந்தது. "முப்பது வருடத்துக்கு முன் என்னை வரச் சொன்னவை. இப்பதான் வாறன்," என்று தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து என்னுடைய வெள்ளைக் கூறையை எடுத்தேன். மடிப்புகள் இறுகிப் போயிருந்தன. நானே அழுத்தினேன். 

றீற்றாவும் நானும் அவருக்கு அதை உடுத்தினோம். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "பேரப்பிள்ளை கண்டவவுக்குக் கலியாணக் கூறையோ?" என்றாள்.

"இது அவவின்ர. இவ்வளவு காலமும் நான் வைச்சிருந்தனான்," என்றேன்.

கோணிய இடது கையை முந்தானையால் மூடப் போனாள் றீற்றா. நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தக் கை வெள்ளைக்கு மேலே, எல்லோரும் பார்க்கக் கிடந்தது. அப்படியே பெட்டியை மூடினார்கள்.

ஆகத்தா, நான் கண்டேன். உன் உதட்டில் இரத்தத்தையும் கழுத்தில் அவனுடைய விரல்களையும் கண்டேன். இந்தக் கையால்தான் கழுவினேன். எந்த மேசைக்கு முன்னாலும், யார் கேட்டாலும் இதையே சொல்வேன். நீ போய் வா, பிள்ளை.