அம்மா நிரப்பாத கட்டம்

சமாதானம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

அதற்கு முன் மூன்று வருடங்களாகச் சண்டை வெளியில்தான் இருந்தது. சிட்னியின் பென்டில் ஹில் பக்கத்துப் பிள்ளைகளுக்காக நடந்த வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடம், பரிசளிப்பு விழாவைத் தேவாரத்தோடு தொடங்குவதா, செபத்தோடு தொடங்குவதா என்ற கேள்வியில் இரண்டாக உடைந்தது. சைவக்காரர் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். வேதக்காரர், எங்கள் ஊர்ப் பேச்சில் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயர், தேவாலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். எங்கள் அப்பா சைவம், அம்மா வேதம். அம்மா சம்பளம் வாங்காமல் தமிழ் படிப்பித்தவர். பள்ளிக்கூடம் உடைந்த பிறகு இரண்டு இடத்துக்கும் போய்ப் படிப்பித்தார். ஆகவே ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு தரம் படித்த ஒரே பிள்ளை சிட்னியில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

சைவப் பக்கத்துக்கு முன்னுக்கு நின்றவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. வேதப் பக்கத்துக்கு முன்னுக்கு நின்றவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. எனக்குப் பத்து வயதானபோது இருவரும் ஒரு மேசையில் இருந்து உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார்கள். கை குலுக்கினார்கள். மரக்கறி ரோல்ஸும் மட்டன் ரோல்ஸும் தனித்தனித் தட்டுகளில் வந்தன. பள்ளிக்கூடம் மறுபடி ஒன்றாகும். பத்துப் பேர் கொண்ட செயற்குழுவில் ஐந்து பேர் சைவம், ஐந்து பேர் வேதம். ஒவ்வொரு குடும்பமும் படிவம் நிரப்பி ஏதாவது ஒரு பக்கத்தில் பதிந்து, அந்தப் பக்கத்துக்குரிய ஐவருக்கு மட்டும் வாக்குப் போட வேண்டும். எந்தப் பக்கத்தில் குடும்பங்கள் கூடவோ, அந்தப் பக்கத்துக்கே முதல் தலைவர் பதவி.

உடன்படிக்கையில் எல்லோரும் நிதானமாக வாசித்தது அந்தக் கடைசி வரியைத்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஒரு நாள் பெரியப்பா அழைப்பு எடுப்பார், மற்ற நாள் மாமா. மூன்று வருடங்களாக ஒருவரோடு ஒருவர் பேசாத இருவரும், தாங்கள் கலந்து பேசிக்கொண்டது போல ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: படிவத்தை நிரப்பியாச்சோ?

அம்மா நிரப்பிவிட்டார். பெயர், முகவரி, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதியிருந்தார். சமயம் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

"இஞ்ச பாரும், சும்மா ஒரு சொல்லுத்தானே. எழுதிவிடும். அண்ணை பிறகு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிவார்" என்றார் அப்பா.

"சும்மா ஒரு சொல்லெண்டால் அது இல்லாமல் வாக்குத் தரட்டும்" என்றார் அம்மா.

தேர்தல் ஒரு சனிக்கிழமை, வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபத்தில் நடந்தது. வாசலுக்கு உள்ளே இரண்டு மேசைகள். வலப்பக்க மேசையில் மஞ்சள் வாக்குச்சீட்டு, அது சைவத்துக்கு. இடப்பக்க மேசையில் வெள்ளை, அது வேதத்துக்கு. தேர்தலுக்குப் பொறுப்பானவர் பரமட்டாவில் கணக்காளராக இருந்த ஒரு அங்கிள். நல்ல மனிதர். படிவத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சிறு பிழையைத் திருத்துகிற குரலில், "அக்கா, இந்தக் கட்டம் விடுபட்டுப் போச்சு" என்றார்.

"விடுபடேல்லை. விட்டனான்."

"ரெண்டில ஒண்டு போடோணும். இல்லாட்டி எந்த மேசைக்கு அனுப்புறது?"

"அது மேசை போட்ட ஆக்களின்ர பிரச்சினை."

அங்கிள் உதட்டைப் பிதுக்கி, வாக்குச்சீட்டுத் தர முடியாது என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா சத்தம் போடவில்லை. சுவரோரம் கிடந்த ஒரு கதிரையை இழுத்து, இரண்டு மேசைகளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளை எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தத் தொடங்கினார். வந்தவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்து, காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் "வாட்ஸ் யோர் மம் டூயிங்?" என்று கேட்டார்கள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் அம்மா கை கழுவப் போனார். படிவமும் பேனாவும் கதிரையில் கிடந்தன. பெரியப்பா என் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா களைச்சுப் போனா. நீ வடிவாய்த் தமிழ் எழுதுவாய்தானே? அந்த ஒரு கட்டம்தான். எழுதினால் எல்லாரும் வீட்டை போகலாம்."

எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் என் அரசியல். சைவம் என்றாலும் மூன்று எழுத்து, வேதம் என்றாலும் மூன்று எழுத்து. என்னிடம் கேட்டவர் பெரியப்பா. மாமா முந்தியிருந்தால் மற்றதை எழுதியிருப்பேன். பேனாவை எடுத்து, கட்டத்துக்கு வெளியே போகாமல், ஆற அமர எழுதினேன். பெரியப்பா படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா திரும்பி வந்தபோது மஞ்சள் மேசையிலிருந்து அங்கிள் சந்தோஷமாகக் கூப்பிட்டார். "வாங்கோ அக்கா, எல்லாம் சரியாப் போச்சு."

அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. அந்த எழுத்தைக் கை பிடித்து எழுதப் பழக்கியவரே அவர்தான். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மண்டபத்தின் பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"எழுத்தில பிழையில்லை. ஆனால் பத்து வயசுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிச்சு எடுக்கிற வாக்கு எனக்கு வேண்டாம். ஆருக்கும் வேண்டாம்."

சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

வெள்ளை மேசையில் மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லு தங்கச்சி! இஞ்சால வா."

"அண்ணை, உங்கட மேசைக்கும் இதே பதில்தான்."

அந்த நேரத்தில் அப்பா பிளேன்டீ ஒன்றோடு உள்ளே வந்தார். எதற்கும் விடும், விடும் என்று சொல்கிறவர். தன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், கோடு விழுந்த படிவத்தைப் பார்த்தார். தேநீரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு கதிரையைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு அன்ரி, "நாங்களும் இங்க உக்காந்துக்கலாமா? எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று கேட்டுக்கொண்டு கணவரோடு வந்தார். வாக்குப்பதிவு முடியும்போது நடுவில் ஏழு கதிரைகள் இருந்தன.

ஏழு பேருக்கும் வாக்குப் போடக் கிடைக்கவில்லை. இரண்டு குடும்ப வித்தியாசத்தில் சைவப் பக்கம் முதல் தலைவர் பதவியை எடுத்தது. உறுப்பினர் அல்லாதவர் படிப்பிக்க முடியாது என்று சொல்லி, அம்மாவின் வகுப்பை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அம்மா அதே நேரத்துக்குப் போய், அந்த வகுப்பின் கடைசி வரிசை வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். புது ஆசிரியை எழுத்துப்பிழை விட்டால் கையை உயர்த்தினார். ஒரு பள்ளித் தவணை முழுக்க இப்படிப் போன பிறகு, செயற்குழு கூடிப் படிவத்தில் மூன்றாவது தெரிவு ஒன்றைச் சேர்த்தது: சொல்ல விருப்பமில்லை. அங்கிள் அதை வீட்டுக்கே கொண்டு வந்து பெருமையோடு நீட்டினார்.

"விருப்பமில்லையெண்டு நான் எப்ப சொன்னனான்? கேக்கிறது பிழையெண்டுதான் சொன்னனான்" என்று அம்மா அதையும் நிரப்பாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடப் படிவத்தில் அந்தக் கட்டமே இருக்கவில்லை.

ஆனால் தேர்தலன்று பின்னேரம் இதொன்றும் எனக்குத் தெரியாது. அப்பா கதிரைகளை அடுக்க நின்றுவிட்டார். நானும் அம்மாவும் காரில் ஏறினோம். திட்டு விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்து கேட்டேன்:

"அப்ப நான் எந்தப் பக்கம்?"

கார் பள்ளி வாசலில் நின்றது. வெளியே தெருவில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

"இடது பக்கம் பார். ஏதும் வருதோ?" என்றார் அம்மா.

பார்த்தேன். "ஒண்டும் வரேல்லை."

அம்மா வலது பக்கத்தைத் தானே பார்த்துவிட்டுக் காரைத் தெருவில் இறக்கினார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டாரே என்று வீடு வரும்வரை அவரோடு நான் பேசவில்லை.