குடை பிடித்த ஆட்டின் நடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நானும் என் கணவரும் கண்டியில் கட்டுகலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரர் பிலிமத்தலாவையில் புடவைக் கடை வைத்திருந்தார். காலையில் பஸ்ஸில் போனால் இருட்டும் நேரம்தான் வருவார். அவருடைய மனைவியை, அவர்கள் அக்காவை அழைப்பது போல, நான் ராத்தா என்பேன். நான் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்ததால் அவர் என்னை டீச்சர் என்பார். பின்பக்கத்துச் சுவர் இடுப்பளவுதான் உயரம். எங்கள் பேச்செல்லாம் அந்தச் சுவரில் கை ஊன்றியபடிதான்.

துணி சுற்றிக் கொடுப்பதற்காகக் கடைக்குப் பழைய இங்கிலீஷ் தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்குவார்கள். அவற்றுக்குள் சிறுவர் பத்திரிகை ஒன்றின் பக்கங்களும் கலந்து வரும். அதில் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நடக்கும் ஓர் ஆட்டுக்குட்டியின் படக்கதை. மழை பெய்தால் குடையை மடக்கிவிடும், வெயில் அடித்தால் விரிக்கும். ராத்தாவின் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, கதை கேட்க என்னிடம் வருவார்கள். கொஞ்ச நாளில் அந்த ஆடு பிஸ்கட் டின்னிலும் வந்தது, தேநீர்க் கோப்பையிலும் வந்தது. என் வகுப்பில் சிலேட்டில் ஆடு வரையாத பிள்ளை இல்லை.

அப்புறம்தான் அந்த ஆட்டைப் படமாகவே எடுத்து, அது கண்டிக்கு வந்திருப்பதாக நோட்டீஸ் கொடுத்தார்கள். ஆள் நடிக்காத, முழுக்க வரைந்த பொம்மைப் படம். சனிக்கிழமை நானும் கணவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததுமே ராத்தா சுவரடிக்கு வந்துவிட்டார். அவர்கள் வீட்டுப் பெண்கள் படக் கொட்டகைக்குப் போகும் வழக்கம் இல்லை.

"செல்லுங்க டீச்சர், எப்படி ஈக்குது?"

சொல்லுங்க, இருக்குது என்பவை அவர்கள் பேச்சில் செல்லுங்க, ஈக்குது என்று வரும். நான் கதையைச் சொன்னேன். ஆடு வீட்டை விட்டு ஓடியது, ஆற்றில் குடையைக் கவிழ்த்துப் படகாக்கியது, எல்லாம். ராத்தா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "கதை ஈக்கட்டும். அது எப்படி நடக்குது?" என்றார்.

"நம்மள மாதிரிதான், ரெண்டு கால்ல."

"எந்தக் கால் முதல்ல எழும்புது? கண் இமைக்குதா? குடைக்கு நிழல் விழுதா?"

அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் நான் இதையெல்லாம் பார்க்கவே இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. குடையின் நிறத்தை அவருடைய மகள் கேட்டாள். படத்தில் சாம்பல் நிறந்தான், எதற்குமே நிறம் இல்லை என்றேன். "அப்ப அது வேற ஆடு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ராத்தாவுக்கு ஒரு நினைப்பு இருந்தது. அட்டையில் ஆட்டை வெட்டி, மூட்டுக்கு மூட்டு நூல் கட்டித் திரைக்குப் பின்னால் யாரோ ஆட்டுகிறார்கள் என்று நம்பினார். என் கணவரிடம் கேட்டேன். "எல்லாம் கேமரா வேலதான். அதுக்கு மேல எனக்கும் தெரியாது" என்றார். அந்தக் கேள்விகளோடு நான் இன்னொரு தடவை போனேன். கண் இமைத்தது. நிழலும் விழுந்தது. ஆனால் காலை மட்டும் பிடிக்க முடியவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைப்பதற்குள் ஆடு நடந்து போய்விடும்.

இப்படியிருக்க, ஒரு பின்னேரக் காட்சியைப் பெண்களுக்கு மட்டும் என்று கொட்டகைக்காரர்கள் அறிவித்தார்கள். ராத்தாவின் கணவர் சற்று யோசித்தார். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "டீச்சர் கூடப் போறதெண்டா போகட்டும். ஊட்டுல கொஞ்ச நாளா ஆட்டுப் பேச்சுத்தான்" என்றார். பேச்சில் அலுப்பும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

திரை கட்டின ரிக்‌ஷாவில் போனோம். விளக்கு அணைந்து ஆடு வந்ததும், தாய்மாரோடு வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் கூச்சலிட்டார்கள். ராத்தா கொஞ்ச நேரம் முன்னால் பார்த்தார். அப்புறம் கதிரையில் அப்படியே திரும்பி உட்கார்ந்து, பின்சுவரின் ஓட்டையிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"ராத்தா, படம் முன்னுக்கு ஓடுது" என்றேன்.

"தெரியும். வாரது இங்கயிருந்துதானே" என்றார்.

காட்சி முடிந்ததும் அவர் நகரவில்லை. ஆடு எப்படி நடக்கிறது என்று மெஷின் ஓட்டுகிறவரிடம் கேட்கச் சொன்னார். ஓட்டுகிறவர் ஒரு சிங்கள இளைஞர். அறை வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் கேட்டேன். படச்சுருள் அறுந்த இடத்தில் வெட்டி எடுத்த துண்டு ஒன்று அவரிடம் இருந்தது, ஒரு சாண் நீளம் இருக்கும். நெருப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது, குப்பென்று பற்றிவிடும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நகத்தளவு கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் ஆடு.

"எல்லாம் ஒண்டு போலத்தானே ஈக்குது" என்றார் ராத்தா. குரல் இறங்கிவிட்டது. ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் எழுந்து போய்த் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து துண்டை நடுவில் வெட்டினார். ஒரு பாதியை மற்றதன் மேல் வைத்து ஜன்னலோடு சேர்த்துப் பிடித்தார். அப்போதுதான் தெரிந்தது. உடம்பு அப்படியே பொருந்தியது. கால் மட்டும் இரண்டாக நின்றது. ஒன்று தரையில், ஒன்று சற்றே மேலே.

"இடது கால்" என்றேன்.

ராத்தா துண்டுகளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். அட்டையும் நூலும் இல்லை என்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. நகர்த்தியபடியே கேட்டார்.

"தரையில ஈக்கிற காலையும் ஆக்கள் பாக்கிற, தூக்கின காலையும் பாக்கிற. நடுவில அரைவாசி எழும்பின கால் ஈக்குதே, அதையும் ஒராள் குந்தி வரைஞ்சிக்கான். அத யார் பாக்கிற?"

அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

துண்டுகளை அவர் அலுமாரியில், சட்டைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் இன்னொரு பெண்கள் காட்சி வந்தது. கூப்பிட்டேன். "பாத்தாச்சே டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டார். நான் மட்டும் போனேன். அதன் பிறகு எந்தப் பொம்மைப் படம் வந்தாலும் விடவில்லை. யாராவது கதை என்ன என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வராது. அரைவாசி எழும்பிய காலை ஒரு தடவையாவது கண்ணால் பிடித்துவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருப்பேன். இதுவரை பிடித்ததில்லை.