ராயப்பனும் கிளட்ச் கம்பியும்

ராயப்பன் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். 1936இல் ஒருநாள், கொதிக்கும் நீராவிக் குழாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டிருந்தார். தோல் வெந்து வாடை வந்ததும் அந்த ஆள்தான் கையைத் தட்டிவிட்டார். அத்தோடு வேலை போயிற்று. அடுத்த மாதம், ஒலக்கூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. நான் அங்கே நர்ஸ். எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

அவருக்கு இரண்டு கையிலும் மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. விரல்கள் முழுதாக இருந்தன. மடங்கும், நீளும், சுத்தியல் பிடிக்கும். ஆனால் பிடித்திருப்பது சுத்தியலா கரண்டியா என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை நீரடிமுத்து எண்ணெய் ஊசி, அந்த நாளில் இந்த நோய்க்கு அதுதான் மருந்து. ஏழு வருஷம் நான்தான் போட்டேன். 1943இல், ஒரு வருஷமாகச் சோதனையில் கிருமி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்குப் போனால் பிழைப்புக்கு என்ன செய்வது? அவர் மனைவி இருதயமேரி விழுப்புரத்தில் ஒரு கடலை மில்லில் மல்லாட்டை உடைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை பாசஞ்சர் ரயிலில் ஒலக்கூர் வந்து, நடந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த மாதம் வந்தபோது மில் முதலாளி கோதண்டபாணி ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். சண்டைக்கு ஆள் எடுத்ததில் ஊரில் ஃபிட்டரே இல்லை. ராயப்பனின் வேலை அவருக்குத் தெரியும்.

"டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வரச் சொன்னாரு. கையி மிஷின் வேலைக்கு ஆகும்னு எழுதிக் குடுத்தா போதுமாம். மத்தவங்க வாயை அவரு பாத்துக்கறாராம்" என்றார் இருதயமேரி.

டாக்டர் உடனே எழுதவில்லை. "தோட்டத்து எஞ்சினைச் சரி பண்ணட்டும். அவர் கையாலேயே பண்ணணும். நர்சம்மா, நீங்க கூட இருந்து பாருங்க. நீங்க சொல்றதை வச்சுத்தான் எழுதுவேன்" என்றார்.

அந்த எஞ்சின் ஒரு சின்ன டிராக்டர். இரண்டே சக்கரம். உட்கார இடம் கிடையாது. பின்னால் இரண்டு கைப்பிடி நீண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் யாரோ கப்பலில் அனுப்பியது. நோயாளிகளே காய்கறி போட்ட எங்கள் தோட்டத்தில் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் மண்ணாங்கட்டி. அவருக்கு நோய் காலில்தான், கை நன்றாக இருந்தது. கைப்பிடியில் ஒரு லிவர் உண்டு. அதை இழுத்தால் கிளட்ச் விட்டு, வண்டி நிற்க வேண்டும்.

"நான் இழுக்கறேன், அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது. நேத்து ரெண்டு பாத்தி கத்திரிச் செடியை முழுங்கிட்டு வேலியில போயி நின்னுச்சு. என் பொண்டாட்டிகூட இதுக்கு மேல சொன்ன பேச்சு கேப்பா" என்றார் மண்ணாங்கட்டி.

ராயப்பன் குனிந்து பார்த்தார். லிவரிலிருந்து கிளட்சுக்கு ஒரு கம்பி போகிறது. நடுவில் நான்கு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு இரும்பு முளை. எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, மூட்டின் மேல் விரலை வைத்துக் கம்பியை ஆட்டுவார்களாம். ஆட்டம் விரலில் தட்டுமாம். அவருக்கு விரலில் தட்டாது. மண்ணில் படுத்து, மூட்டைக் கீழுதட்டில் வைத்து அழுத்திக்கொண்டு, மண்ணாங்கட்டியிடம் "ஆட்டுடா" என்றார்.

"ராயப்பன், துருப்பிடிச்ச இரும்பு அது. வாய்ல புண்ணு வந்தா என்கிட்ட வராதீங்க" என்றேன்.

"வாய்லயாச்சும் தெரியுதே நர்சம்மா" என்றார்.

நான்கு முளையுமே தேய்ந்திருந்தன. துளைகள் நீள்வட்டமாகிவிட்டன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, லிவரை அரைச்சாண் இழுத்த பிறகுதான் கிளட்ச் அசையவே தொடங்கியது. சண்டைக் காலத்தில் சாமான் எங்கே கிடைக்கும்? பழைய சைக்கிள் அச்சை அறுத்து முளை செய்தார். ஊசி கொதிக்க வைக்கும் ஸ்டவ் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் பித்தளைக் குழாயை வெட்டித் துளைகளுக்குள் வளையமாகச் செருகினார். பதினைந்து நாள் ஆயிற்று.

அந்தப் பதினைந்து நாளும் மணிக்கு ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்வேன். கீறல் இருக்கிறதா, பிசிர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். இது நான் படித்த பாடத்தில் இல்லை. வலி சொல்லாத இடத்தை வேறொருவர்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒருமுறைகூட அவர் கையில் கீறல் இல்லை. அவ்வளவு கவனமாக வேலை செய்தார். நல்ல சேதிதான் சொல்லப்போகிறேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வேலை, கம்பியின் நீளத்தைச் சரிபார்த்து நட்டை முடுக்குவது. மண்ணாங்கட்டி அருகில் வந்து, "நான் இழுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். என் கையாலதான் பண்ணணும்னு டாக்டரு சொல்லிக்கிறாரு" என்றார் ராயப்பன்.

லிவரில் ஆட்டம் துளியும் இல்லாதபடி முடுக்கினார். கண்ணுக்கு அழகாக, விறைப்பாக நின்றது.

அந்த மாதத்துக்குக் கிடைத்த பெட்ரோல் கொஞ்சம்தான். காலை எட்டு மணிக்கு டாக்டர் வந்து நின்றார். மண்ணாங்கட்டி ஓட்டினார். மூன்று சால் நன்றாகப் போயிற்று. இழுத்தால் நின்றது, விட்டால் போயிற்று. டாக்டர் தலையை ஆட்டினார். நான்காவது சாலில் வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் இறங்கியபோது எஞ்சின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. தீய்ந்த வாடை வந்தது.

ராயப்பன் ஓடிப் போனார். போகும்போதே காரணம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எனக்கும் சொன்னார். லிவரை இழுக்கும்போது முதல் ஒரு விரல்கடை சும்மா வர வேண்டும், அதற்குப் பிறகுதான் கனம் தட்ட வேண்டும். சும்மா வருவதே இல்லாமல் முடுக்கிவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி விட்டபடியே இருக்கும். பளு வந்தால் வழுக்கும், சூடேறும். புதிதாகத் தொழில் பழகுகிறவன்கூட அதைக் கையில் உணர்ந்து வைப்பான். இவர் கைக்குச் சும்மா வருவதும் கனமாக வருவதும் ஒன்றுதான்.

எஞ்சினை நிறுத்தி, இடது கையைக் கிளட்ச் மூடியில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் நட்டைத் தளர்த்தினார். இரண்டு சுற்று. இந்தத் தடவை மண்ணாங்கட்டியை இழுக்கச் சொல்லி, "கனம் எங்க வருது சொல்லு" என்று கேட்டு வைத்தார். எல்லாம் மூன்று நிமிஷம்தான். அதன்பின் எஞ்சின் ஈரத்திலும் போயிற்று, வரப்போரம் சொன்ன இடத்தில் நின்றது. பழுது பார்த்ததில் குறை சொல்ல இனி ஒன்றும் இல்லை.

டாக்டருக்குச் சந்தோஷம். "நர்சம்மா, கை எப்படி இருக்கு? எழுதிடலாமா?" என்றார்.

ராயப்பன் இடது கையை மூடி வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். அந்த மூடி எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. தொட்டதால் அல்ல, கையைப் பார்த்ததால்.

"கையைத் திறங்க" என்றேன்.

திறந்தார். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் உரிந்து மூடியிலேயே ஒட்டிக்கொண்டு போயிருந்தது.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். லெட்டர் எழுதவில்லை. மண்ணாங்கட்டி வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் ராயப்பனை டிரெசிங் அறைக்கு அழைத்துப் போனேன்.

அடுத்த மாதம் இருதயமேரி வந்தார். லெட்டர் இல்லை என்று ராயப்பனே சொன்னார். அந்த அம்மாள் அழவில்லை. "சோறு ஒழுங்கா போடறாங்களா?" என்று கேட்டார். "போடறாங்க" என்றார் ராயப்பன். கொண்டுவந்த மல்லாட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். மில்லில் வேறொரு ஆளைப் போட்டாயிற்று.

அந்தப் புண் ஆற நாற்பத்தேழு நாள் பிடித்தது. தினமும் காலையில் வந்து கையை நீட்டுவார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னோடு பேச மாட்டார். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. கட்டுப் போடுவேன், போவார். அந்தக் காலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குள் பெரிதாக ஒன்றும் அசைவதில்லை. அன்றைக்கும் அசையவில்லை. ஒரு நாளைக்கு அறுபது கட்டுப் போடுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

கடைசிக் கட்டுப் போட்ட அன்று அவராகப் பேசினார்.

"நீங்க அன்னிக்குக் கையைத் திறக்கச் சொல்லாம இருந்திருந்தா மில்லுல என் கையே போயிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க நர்சம்மா."

"போயிருக்கும்" என்றேன்.

"போயிருக்கட்டுமே. எங்க ஊட்ல இருந்துக்கினு போயிருக்கும்."

முடிச்சைப் போட்டு, மிச்சத் துணியை வெட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.