ரூய்பின் செய்த பேட்டரிப் பெட்டி

என் கொழுந்தன் ரூய்பின், தாவ்யுவான் பக்கம் ஒரு கம்பெனியில் கரண்டை மாற்றித் தரும் கன்வர்ட்டர் டிசைன் செய்கிறவன். கரண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறுவதுகூடத் தெரியாது அந்த மனுஷனுக்கு. அவனைப் படிக்க வைக்கத்தான் என் வீட்டுக்காரர் குன்மாவ் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இங்கே எங்கள் ஊர் ஜியாடொங்கில் மீன் குளத்தில் இறங்கினார். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததுதான் ரூய்பினுக்குப் பாரம். அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உயிரை விடுவான்.

எங்கள் குளத்தில் களவா மீன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சக்கரம் நின்றால் மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். புயல் என்றால் எங்கள் ஊரில் மழைக்கு முன்னாலேயே கரண்டு போய்விடும். பழைய ஜெனரேட்டர் மண்டையைப் போட்டதும், பேட்டரியிலிருந்து ஏரேட்டர் மோட்டாரை ஓட்ட ரூய்பினே ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தான். கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர்.

"உனக்கு நான் செய்யாம வேற எவன் அண்ணா செய்வான்?" என்றான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த வருஷப் புயலில் கரண்டு போனதும் பெட்டி நன்றாகத்தான் ஓடியது. மத்தியானத்துக்கு மேல் சக்கரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. நானும் அவரும் மூங்கிலை எடுத்துக்கொண்டு கை மரத்துப்போகும்வரை தண்ணீரை அடித்தோம். பொழுது சாய்வதற்குள் குளம் முழுக்க மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

புயல் ஓய்ந்து பாதை திறந்ததும் ரூய்பின் ஓடிவந்தான். குளத்தங்கரையிலேயே பெட்டியைப் பிரித்து மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"பேட்டரில இன்னும் கரண்டு இருக்கு அண்ணி. கேட்டத் தொறக்கத்தான் இல்ல."

எனக்குப் புரியும்படி சொன்னான். உள்ளே கரண்டைத் திறந்து மூடுகிற கதவு மாதிரி மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒன்று. மாறி மாறித் திறக்கும். மேலே இருப்பதன் கேட்டை, அதாவது வாசலை, திறக்கிற டிரைவர் என்ற சில்லுக்குத் தனியாகக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அதைக் கரண்டைச் சேர்த்து வைக்கிற ஒரு பொடிக் கெபாசிட்டரிலிருந்து எடுத்திருந்தான். கீழே இருப்பது திறக்கும்போதுதான் அந்தக் கெபாசிட்டர் நிரம்பும். பேட்டரி இறங்க இறங்க, மோட்டார் அதே வேகத்தில் ஓட மேலே இருப்பது ஓயாமல் திறந்தே கிடக்க வேண்டும். கீழே இருப்பதற்கு முறை வராது. கெபாசிட்டர் காலியானதும் கேட் மூடிக்கொண்டது.

கம்பெனியில் இந்தத் தப்புக்குச் சின்னப் பசங்களைக் காய்ச்சி எடுக்கிறவனே இவன்தானாம். அண்ணன் வீட்டு வேலை, சீக்கிரம் கொண்டுபோக வேண்டும் என்று, நிரம்பிய பேட்டரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். அவர் செத்த மீனைச் சாக்கில் அள்ளிக்கொண்டே, "புயலுக்கு நீ என்னடா பண்ணுவ? கைய கழுவிட்டு சாப்பிட வா" என்றார்.

புத்தாண்டுக்கு வேறொரு பெட்டியோடு வந்தான். கேட் டிரைவருக்குத் தனியாகவே ஒரு குட்டி சப்ளை வைத்திருந்தான். பேட்டரி சாகும்வரை பலமுறை ஓட்டிப் பார்த்தானாம். அவர் இரண்டு கையாலும் வாங்கி, பிரமாதம் என்று பாராட்டி, வீட்டில் முன்னோரைக் கும்பிடும் மாடத்துச் சிவப்பு விளக்குக்கு மாட்டினார்.

"குளத்துக்கு, அண்ணா?"

"குளத்துக்குப் புது ஜெனரேட்டர் வாங்கிட்டேன்டா. நீ எதுக்கு அலையணும்?"

குரலில் கோபமே இல்லை. ரூய்பின் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பாவி மனுஷன், தம்பியை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.